கடல்மேல் பழி போடாதீர்கள்



இரண்டு வாரமாக ஒன்றும் எழுதவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று சங்கரன்கோவிலிலிருந்து ஒரு நண்பர் போனில் கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம். கோபத்தில் எழுதினால் எழுத்து கோணிப்போகும் என்று ஆறவிட்டுப் பார்த்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் இளைய மகள் குடும்பம் அந்தமானில், போர்ட் பிளேரில் இருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. மாப்பிள்ளைக்கு மத்திய அரசு வேலை, மாற்றல் ஆகிப் போனார்கள். சம்பந்தியம்மாவும் கூடவே போனார்கள். அவர்களுக்கு வயது 78. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கை என்பதால் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை ஒன்று வாங்கியிருந்தோம். சின்ன மோட்டார் ஒன்று மாற்றி மாற்றிக் காற்றை ஏற்றி இறக்கும். போன மாதம் அந்த மோட்டார் நின்றுவிட்டது.

டப்பாவில் ‘இந்தியா முழுவதும் சர்வீஸ், ஒரு வருட உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மகள் போன் செய்தாள். பின்கோடு கேட்டார்கள். 744 என்று ஆரம்பித்ததுமே பதில் வந்துவிட்டது.

“உங்க ஏரியாவுக்கு சர்வீஸ் இல்லை மேடம்.”

“சரி, காசு தர்றேன். புது மோட்டார் அனுப்புங்க.”

“அந்தப் பின்கோடுக்கு சிஸ்டத்துல பார்சலே போட முடியாது மேடம். கடல் தாண்டிப் போகணும்ல.”

மகள் அன்று ராத்திரி என்னைக் கூப்பிட்டாள். நான் குருவிகுளம் முகவரிக்கு ஆர்டர் போட்டேன். நாலாம் நாள் வாசலுக்கு வந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு நம்மூர் தபாலாபீசுக்குப் போய் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் மகள் கையில் கிடைத்தது. அதற்குள் சம்பந்தியம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே தோல் விட்டுப் புண் ஆகிவிட்டது. இன்னும் ஆறவில்லை. என் கோபமும் அதனால்தான் ஆறவில்லை.

‘கடல் தாண்டிப் போகணும்ல’ என்ற அந்த வாக்கியத்தை, அவர்கள் குடிபெயர்ந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டுச் சாமானை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்ப்போம் என்று பணம் வாங்கியவர்கள், சென்னைக் கிட்டங்கியில் ஐந்து வாரம் போட்டு வைத்தார்கள். கேட்டால், கடல். டிவி சட்டியையும் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனார் மாப்பிள்ளை. அங்கே மாட்டிக்கொடுக்க அந்தக் கம்பெனிக்கு ஆள் இல்லை. முன்பணமும் திரும்பாது. கேட்டால், கடல். கையில் இருந்த செல்போன் இணைப்பு வீட்டுக்குள் எடுக்கவில்லை. கேட்டால், அதற்கும் கடல்.

நானும் தபால் துறையில் 37 வருஷம் வேலை பார்த்தவன்தான். கடலைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,360 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லி, ரயில் பாதையில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். டெல்லிக்குச் சாமானை இலவசமாகவே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். போர்ட் பிளேருக்கு சென்னையிலிருந்து தினமும் விமானம் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். அப்படியிருக்க எதைத் தூரம் என்கிறார்கள்?

1980களில் நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பாட்டி வருவார்கள். மகன் போர்ட் பிளேரில் கொத்தனார் வேலை. இன்லண்டு லெட்டரை என்னிடமே கொடுத்து எழுதச் சொல்லி, முகவரியும் எழுதவைத்து, பிறகு முந்தானை முடிச்சை அவிழ்ப்பார்கள். முதல் தடவை காசைச் சொன்னதும் நம்பவில்லை.

“ஏ ஐயா, கழுகுமலைக்குப் போடுறதுக்கும் இதே காசுதான வாங்குதீக? கடலுக்கு அங்கிட்டுப் போறதுக்குமா?”

“ஆமா பாட்டி. எங்கிட்டுப் போனாலும் ஒரே காசுதான்.”

“அப்ப கவர்மெண்டுக்கு நட்டமில்லியா?”

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்துவிட்டு முத்திரை குத்தினேன். இன்றைக்கு இருந்தால் சொல்வேன்: நட்டம்தான் பாட்டி. ஆனால் அந்த நட்டத்தை உங்கள் தலையில் கட்டக்கூடாது என்று 1854லேயே முடிவு பண்ணிவிட்டார்கள்.

அதுவரை தூரத்துக்குத் தகுந்தபடி கடிதக் கூலி கூடிக்கொண்டே போகும். 1854இல் அதை எடுத்துவிட்டு, எடைக்கு மட்டும் கட்டணம், தூரத்துக்குக் கிடையாது என்று அரை அணாவிலிருந்து தபால்தலை போட்டார்கள். பக்கத்துத் தெருவுக்குக் கடிதம் போடுகிறவன் தரும் காசில், தூரத்து ஊர்க் கடிதமும் சேர்ந்து பயணம் போகும். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த அந்த நியாயம் இன்றைக்கும் இருக்கிறது. தபால் அட்டை 50 காசு, இன்லண்டு லெட்டர் இரண்டரை ரூபாய். சங்கரன்கோவிலுக்கும் அதுதான், கிரேட் நிக்கோபாருக்கும் அதுதான். ஸ்பீடு போஸ்டில் தூரத்துக்கேற்ற கட்டணம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘உங்கள் ஊருக்குப் போகாது’ என்று ஒரு கட்டணப் பட்டியலிலும் இல்லை.

பின்கோடு எப்படி வந்தது தெரியுமா? 1972 ஆகஸ்ட் 15. ஒரே பெயரில் பல ஊர், புரியாத கையெழுத்து, பல மொழி முகவரி, இவ்வளவையும் மீறிக் கடிதம் போய்ச் சேரவேண்டும் என்று கொண்டுவந்த எண் அது. வருஷக்கணக்கில் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கட்டுக் கட்டியவன் நான். போய்ச் சேருவதற்காகப் பிறந்த எண்ணை வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கம்பெனிகள் ஆளை விலக்கிவைக்கின்றன. 744 என்று தட்டினால் கதவு சாத்திக்கொள்கிறது. இதுதான் என் வயிற்றெரிச்சல்.

தனியார் மட்டும் என்றில்லை. அரசாங்கமும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 2004 டிசம்பர் 16ஆம் தேதி தூர்தர்ஷன் இலவச டி.டி.எச். சேவையைத் தொடங்கியது. சின்னச் சட்டி வைத்தால் போதும், மாதச் சந்தா இல்லை, நாடு முழுவதும் தெரியும் என்றார்கள். ஆனால் நாடு முழுவதும் என்பதற்குப் பக்கத்தில் ‘அந்தமான் நிக்கோபார் நீங்கலாக’ என்று ஒரு வரி. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சேவைக்கான செயற்கைக்கோள் நின்ற தீர்க்கரேகை 95 டிகிரி கிழக்கு. போர்ட் பிளேர் 93 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய அவர்களுக்கு நேர் தெற்கே வானத்தில் நின்றுகொண்டு, நம் பக்கம் டார்ச் அடித்தது அது. பத்தே நாளில் சுனாமி வந்து அந்தத் தீவுகளைப் புரட்டிப் போட்டது. பிறகுதான் தீவுகளுக்கென்று தனியாக, பெரிய சட்டி வைத்துப் பார்க்கும் சி-பேண்ட் சேவை பத்து சேனலோடு வந்தது. தாமதம்தான், ஆனாலும் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

தொலைபேசியையும் பாருங்கள். 2020 வரை அந்தமானுக்குப் பேச்சும் இன்டர்நெட்டும் செயற்கைக்கோள் வழியாகத்தான். குறைந்த வேகம், கூடுதல் செலவு. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிள் செயல்பாட்டுக்கு வந்தது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். போர்ட் பிளேரோடு லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று மற்றத் தீவுகளுக்கும் போகிறது. செலவு 1,224 கோடி ரூபாய். இன்றைக்கு என் பேத்தி வீடியோவில் வந்து “தாத்தா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க” என்று அதட்டுகிறாளே, அது கடலுக்கடியில் கிடக்கும் அந்தக் கண்ணாடி இழையின் புண்ணியம்.

அந்த 1,224 கோடி எங்கிருந்து வந்தது? தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் ஒரு பொது நிதிக்குப் போகவேண்டும் என்று 2002 முதல் விதி இருக்கிறது. லாபம் இல்லாத ஊர்களுக்கும் இணைப்பு கொண்டுபோக அந்த நிதி. கம்பெனிகள் கட்டியது என்றாலும், அது நீங்களும் நானும் ரீசார்ஜ் செய்த காசு. குருவிகுளத்தில் ஆடு மேய்க்கிறவர் போட்ட ரீசார்ஜிலும் கால் காசு நிக்கோபார் கேபிளில் இருக்கிறது. தபால்தலைக்கு 1854இல் சொன்ன அதே நியாயம், போனுக்கு 2002இல் வந்தது.

பார்சலுக்கு மட்டும் அந்த நியாயம் இன்னும் வரவில்லை. இதைத்தான் கேட்கிறேன்.

கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் நேர்மையாகவே பேசினார். “அண்ணாச்சி, அங்க இருக்குறதே மொத்தம் நாலு லட்சம் பேரு. மாசம் ஒரு ஆர்டர் வரும். அது உடைஞ்சு திரும்பி வந்தா எனக்கு ரெண்டு பக்கக் கூலி. நான் என்ன தர்மச் சத்திரமா நடத்துறேன்?”

நியாயமான கேள்வி. அவரைப் போன்ற சின்ன வியாபாரியைப் பார்த்து நான் கத்தவில்லை. அவர் ‘இந்தியா முழுவதும்’ என்று விளம்பரம் போடுவதும் இல்லை. நான் கேட்பது, நாடு முழுக்க வலை விரித்து, நாடு முழுக்கக் காசு அள்ளுகிற பெரிய கைகளை. செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவைக் கோடிக்கணக்கான பார்சல்களின் மேல் பரப்பினால் ஒரு பார்சலுக்குச் சில பைசா வருமா? 130 கோடிக்கும் மேல் இருக்கிற ஜனத்தில் நாலு லட்சம் பேர் சிறுபான்மை என்பது, அவர்களை விலக்குவதற்குக் காரணமா, சுமப்பது எளிது என்பதற்குக் காரணமா?

இங்கிலாந்திலும் இந்தச் சண்டை நடக்கிறது. அங்கே ராயல் மெயில் நாடெங்கும் ஒரே விலைக்குக் கொண்டுபோகவேண்டும் என்பது சட்டம். தனியார் கூரியர்கள் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிக்கும் தீவுகளுக்கும் கூடுதல் பணம் கேட்பார்கள், சில சமயம் வரவே மாட்டோம் என்பார்கள். அங்கே ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றம் வரை கேட்கிறார்கள்.

நமக்கென்ன, தீவுக்காரர்கள் பாடு என்று நினைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம்மூர்ப் பின்கோடைத் தட்டினாலும் ‘டெலிவரி இல்லை’ என்றுதான் வரும். பஸ் ஏறி கோவில்பட்டிக்குப் போய்ப் பார்சலை வாங்கிவந்தது மறந்துபோச்சா? நம்மைச் சுற்றிக் கடலா இருந்தது? கண்ணுக்கு எட்டியமட்டும் கரிசல்தானே! கம்பெனிக்காரன் கணக்கில் லாபம் வராத இடமெல்லாம் தீவுதான்.

நம்மவர்கள் பங்கும் இதில் உண்டு. அந்தமான் மாற்றல் என்றதும் “தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிட்டாங்களா?” என்று துக்கம் விசாரிக்க வந்தார்கள் சொந்தக்காரர்கள். செல்லுலார் சிறையை விட்டு நம் மனசு இன்னும் வெளியே வரவில்லை. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். தண்டனைக்குப் போனவன் என்று நாமே நினைத்தால், அவனுக்குப் பார்சல் எதற்கு என்று கம்பெனிக்காரன் நினைப்பதில் என்ன ஆச்சரியம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

‘இந்தியா முழுவதும்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள், போகாத பின்கோடுகளையும் அதே அளவு எழுத்தில், காசு வாங்குவதற்கு முன்னால் போடட்டும்.

தங்கள் ஆள் போகாத ஊருக்குத் தபாலாபீஸ் போகிறது. அங்கே கொண்டுவந்து கொடுக்கட்டும். நான் குருவிகுளத்திலிருந்து செய்த வேலையை, பெரிய கிட்டங்கி வைத்திருப்பவர்கள் செய்ய முடியாதா?

போனுக்கு நிதி ஒதுக்கியது போல, பார்சலுக்கும் பெரிய கம்பெனிகளிடம் ஒரு பங்கு வாங்கி, தீவுக்கும் மலைக்கும் ஆகிற கூடுதல் செலவை அதிலிருந்து கொடுக்க அரசாங்கம் விதி கொண்டுவரட்டும்.

உங்கள் பிள்ளைகள் யாராவது அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போவதாக இருந்தால் என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். கட்டில் பீரோவுக்கெல்லாம் கூலி கொடுக்காதீர்கள், அங்கேயே கிடைக்கும். அங்கே எந்தப் போன் எடுக்கும், எந்த டிவி தெரியும் என்று அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள், கம்பெனியிடம் கேட்காதீர்கள். மாத்திரையும், பழுதானால் மாற்ற வேண்டிய மருத்துவச் சாமான்களில் இன்னொன்றும் கையோடு கொடுத்துவிடுங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன். உத்தரவாதச் சீட்டை நம்பினேன்.

நேற்று மகள் பேசினாள். புண்ணுக்கு நர்ஸ் வந்து மருந்து கட்டிவிட்டுப் போகிறாராம். கேமராவைச் சம்பந்தியம்மா பக்கம் திருப்பினாள். அவர்களுக்குப் பேச்சு தெளிவாக வராது. மெத்தையைத் தட்டிக்காட்டி, நல்லா இருக்கு என்று கையை ஆட்டினார்கள். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருடைய பிள்ளைகளாவது தீவிலோ மலையிலோ இருந்து இப்படிப் பட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். ஊர், பின்கோடு, கிடைத்த பதில் மூன்றும் போதும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனுவாக எழுதி டெல்லிக்கு அனுப்பப்போகிறேன். தபாலில்தான்.