தாய் சேய் நலம்: தாமதம் புகட்டிய பாடம்

கொரோனா நோய் கர்ப்பிணிகளை அவ்வளவாகப் பாதிக்காது என்று 2020-ம் ஆண்டின் தொடக்கத்தில் பலரும் நம்பினர். அந்த நம்பிக்கை ஓராண்டிலேயே பொய்த்துப் போயிற்று. அதற்கான முக்கிய ஆதாரங்களில் ஒன்று மும்பையிலிருந்தே கிடைத்தது.

மாநகராட்சியின் நாயர் மருத்துவமனை 2020 ஏப்ரலில் கொரோனா மருத்துவமனையாக மாற்றப்பட்டது. தொற்று கண்ட கர்ப்பிணிகளுக்கு அங்கேயே பிரசவம் பார்க்கப்பட்டது. அங்கு சேர்க்கப்பட்ட 1,530 பெண்களின் விவரங்களை ஆராய்ந்தபோது, இரு அலைகளுக்கும் இடையே பெரும் வேற்றுமை புலப்பட்டது. முதல் அலையில் 14.2 சதவீதத்தினருக்கே நோய் அறிகுறிகள் இருந்தன. 2021-ல் வீசிய இரண்டாவது அலையில் இது 28.7 சதவீதமாயிற்று. மரண விகிதமோ 0.7-லிருந்து 5.7 சதவீதமாக உயர்ந்தது.

இதன் காரணம் விளங்காததல்ல. வளரும் கருப்பை நுரையீரலின் இடத்தைக் குறுக்குகிறது. உடலின் பிராணவாயுத் தேவையோ கூடுகிறது. ரத்தம் உறையும் தன்மையும் கர்ப்ப காலத்தில் அதிகம். இந்நிலையில் நுரையீரலைத் தாக்கும் நோய் வந்தால் தாங்குவது கடினம்.

18 நாடுகளில் நடத்தப்பட்டு 2021 ஏப்ரலில் வெளியான ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. தொற்று கண்ட தாய்மாரிடையே ரத்தக் கொதிப்புக் கோளாறும் குறைப்பிரசவமும் கூடுதலாக இருந்தன. அவர்களின் குழந்தைகளில் சுமார் 13 சதவீதத்தினருக்கே தொற்று காணப்பட்டது. ஆக, பெரும்பாலான சிசுக்களுக்கு ஆபத்து நேரடியாகக் கிருமியால் அல்ல. நாள் நிறையாமல் பிறப்பதால்தான். தாய்ப்பால் தருவதால் தொற்று அபாயம் கூடவில்லை என்பதும் தெளிவாயிற்று. முகக்கவசத்துடன் பாலூட்டலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-லேயே அறிவித்திருந்தும், பயத்தால் குழந்தையைப் பிரித்துவைத்த இடங்கள் உண்டு.

இவ்வளவு அபாயம் இருந்தும் தடுப்பூசி வரிசையில் கர்ப்பிணிகளுக்குக் கடைசி இடமே கிடைத்தது. இந்தியாவில் 2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி இயக்கம் துவங்கியது. பாலூட்டும் தாய்மாருக்கு மே 19-ல்தான் மத்திய அரசு அனுமதி அளித்தது; கர்ப்பிணிகளுக்கோ ஜூலை 2-ல். ஏப்ரல், மே மாதங்களின் கொடுமை அதற்குள் கடந்துவிட்டது.

அமெரிக்காவில் கர்ப்பிணிகள் விரும்பினால் ஊசி போட்டுக்கொள்ள 2020 டிசம்பரிலேயே வழி இருந்தது. அங்கு போடப்பட்டவை வேறு வகை ஊசிகள் என்பது உண்மையே. ஆகவே இந்திய அதிகாரிகள் எச்சரிக்கையாக இருந்ததை முற்றிலும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அந்த எச்சரிக்கைக்கு மூலகாரணம் என்ன? தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவே இல்லை. சோதிக்காததால் விவரமில்லை, விவரமில்லாததால் அனுமதியில்லை.

இதன் பாரம் எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. தனி அறையில் ஒதுங்கி இருக்க முடிந்தவர்கள் தப்பினர். தாராவி போன்ற இடங்களில் ஒரே அறையில் குடும்பமே வாழ்ந்து, பொதுக் கழிப்பிடத்திற்கு வரிசையில் நிற்கும் கர்ப்பிணிக்குத் தடுப்பூசியைத் தவிர வேறு அரண் ஏது?

கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே மாதத்தில் அறிவித்தது. ஆனால் கொள்ளைநோய் இனி வராது என்று யாரும் உறுதி கூற முடியாது. அடுத்த முறை, சோதனையின் ஆரம்பக் கட்டங்களில் பாதுகாப்பு உறுதியானதுமே, விருப்பமுள்ள கர்ப்பிணிகளையும் அதில் சேர்க்க இப்போதே விதி வகுப்பது அவசியம். கர்ப்பிணியைக் காப்பதாகச் சொல்லி அவளைக் காத்திருக்க வைப்பது பாதுகாப்பாகாது.