திரும்பியோரா, அனுப்பப்பட்டோரா?

ஆங்கிலச் சொல்லொன்றுக்குத் தமிழ்ச் சொல்லொன்று எனப் பட்டியலிற் பொறித்துவிட்டால் மொழிபெயர்ப்பாளனின் கடமை முடிந்தது என்று கருதுவோர் நம்மிடையே உளர். பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை இக்கருத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். வினைச்சொற்களுக்கு இது பொருந்தாது. யார், எங்கிருந்து, எவர் விருப்பின்படி என்று வினவாமல் வினையைப் பெயர்ப்பவன் பொய்யுரைக்க நேரும். ‘ரிப்பேட்ரியேட்’ என்ற வினைக்கு நேர்ந்தது இதுவே.

1964 ஒக்ரோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மலையகத் தமிழரைப் பங்கிட்டது. 525,000 பேரை இந்தியா ஏற்கவும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் உடன்பாடாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தியாவின் பங்கினரைக் குறிக்க ஒப்பந்தம் ஆண்ட சொல் மேற்கூறிய வினையடியாகப் பிறந்தது. தமிழில் அது ‘தாயகம் திரும்புதல்’ ஆயிற்று.

மாத்தளையை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காடு கடந்து நடந்த கோப்பித் தொழிலாளர் மலைநாட்டின் வாயிலாகக் கண்ட ஊர் அது. அவருள் ஒருவர் பருவம் முடிந்து தம் ஊர் சென்றிருப்பின் அவர் திரும்பினார், ஐயமில்லை. 1930களின் தொடக்கத்திற் பொருளாதார மந்தத்தால் வேலையிழந்து சென்றோரிலும் கடல் கடந்து வந்தவர் பலர் இருந்தனர். ஆயின் இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ லயத்திற் பிறந்து, தந்தையும் அங்கேயே பிறந்திருக்க, தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தை முதன்முதலாகக் கண்ட ஒருத்தி எங்ஙனம் திரும்பினாள்? ஒப்பந்தமோ அத்தொகையினரின் இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்தே கணக்கிட்டது. 1964இற் பிறந்தேயிராத குழந்தையும் ‘திரும்ப’ வேண்டியதாயிற்று!

இதனினும் பெரிய பிழை இலக்கணத்தில் உள்ளது. ஆங்கில வினை செயப்படுபொருளை வேண்டுவது. அனுப்புபவன் ஒருவன் அதில் எழுவாயாக நிற்கிறான். தமிழிலோ அதைத் தன்வினையாக்கி அனுப்பியவனை மறைத்துவிட்டனர். திரும்பு, திருப்பு என்ற இணையைக் கையில் வைத்திருக்கும் மொழிக்கு இது தகுமா?

யப்பானியர் வழக்கு இங்கு நோக்கத்தக்கது. 1945இன் தோல்விக்குப்பின் மஞ்சூரியாவிலிருந்து மீண்ட தம்மவருக்கு அவர்கள் ‘ஹிக்கியாகே’ என்பர். அரசு ஒருவரைத் திருப்பியனுப்பினால் ‘சோக்கான்’. ஒருவர் தாமே தம் நாடு திரும்பினால் ‘கிக்கொக்கு’. எனினும் சொல்வளம் மட்டும் நேர்மையைத் தந்துவிடாது. 1959 முதல் நீகாத்தாத் துறைமுகத்தினூடாக வடகொரியா சென்ற ஏறத்தாழ 93,000 பேரின் பயணத்தையும் ‘கிக்கொக்கு’ என்றே வழங்கினர். அவருட் பெரும்பாலோரின் பூர்வீகம் கொரியாவின் தென்பகுதி. பலர் யப்பானிலேயே பிறந்தவர்.

பலர் தாமே விண்ணப்பித்துச் சென்றனரே என்பர் சிலர். உண்மை. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட பின் இட்ட விண்ணப்பம் அது. அப்படியிருந்தும் இந்தியக் குடியுரிமை கோரியோர் தொகை ஒப்பந்தம் விதித்த அளவை எட்டவில்லை. சென்றவரைத் தமிழக அரச ஏடுகள் ‘தாயகம் திரும்பியோர்’ எனப் பதிந்தன. நீலகிரியின் அயலவரோ ‘சிலோன்காரர்’ என்றனர்.

எனவே ஆய்வேடுகளில் ‘இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர்’ என்றெழுதுதல் வேண்டும். கடல் கடந்து வந்து மீண்டவருக்குத் ‘திரும்பினர்’ என்பதே இருக்கட்டும். அரச ஆவணத்தை எடுத்தாளும்போது அதன் சொல்லை மேற்கோட் குறிக்குள் இடலாம்.