புகை எங்கே போச்சு? தூத்துக்குடிக்கு!
பேட்டரி ஸ்கூட்டர் - பெட்ரோல் ஸ்கூட்டர்: எது சுத்தம்?

இடைசெவல்:

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே உள்ள கரிசல் கிராமம் இடைசெவல். இந்த வட்டாரத்து டீக்கடைகளில் இப்போது ஒரு புதுச் சண்டை.

"நம்ம பேட்டரி வண்டியில புகையே கிடையாது அண்ணாச்சி!" என்கிறார் ஒருவர்.

"கரண்டு எங்கேருந்து வருது? தூத்துக்குடியில நிலக்கரியத்தானே எரிக்கான்!" என்று மடக்குகிறார் மற்றவர்.

யார் சொல்வது சரி? இருவரும் பாதி சரி!

முழுக் கணக்கு

புகைக்குழாயை மட்டும் பார்த்தால் போதாது. எண்ணெய்க் கிணறு, கப்பல், சுத்திகரிப்பு ஆலை, டேங்கர் லாரி, வண்டி செய்த தொழிற்சாலை, கடைசியில் காயலான் கடை. அத்தனையும் சேர்த்தால்தான் கணக்கு.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே என்று கேட்கலாம். காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்வதால் எடை கூடுகிறது.

லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர் 100 கி.மீ. போனால் 4.6 கிலோ. எண்ணெயை எடுத்து, சுத்தம் செய்து, பங்க் வரை கொண்டு வருவது தனி.

அதே தூரத்துக்கு பேட்டரி ஸ்கூட்டருக்கு 3 யூனிட் என்று வைப்போம். மின்கம்பியிலும் சார்ஜரிலும் வீணாவதைச் சேர்த்து 4 யூனிட். நம் நாட்டில் சராசரியாக யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் கரியமில வாயு. ஆக 2.8 கிலோ.

பேட்டரி தயாரிக்கும்போது வரும் புகையையும் சேர்த்தால் வித்தியாசம் குறையும். ஆனால் பேட்டரி வண்டிதான் ஜெயிக்கும்.

2021-ல் ஐ.சி.சி.டி. என்ற சர்வதேச ஆய்வு அமைப்பு கார்களுக்கு இப்படி ஆயுள் கணக்கு போட்டது. பெட்ரோல் காரைவிட மின்சார கார் ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவு. இந்தியாவில் 19 முதல் 34 சதவீதம்தான்! முக்கிய காரணம் நிலக்கரி.

மக்காச்சோளம்

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் அப்படித்தான். கரிசலில் விளையும் மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கலாம். எரியும்போது வருவது செடி காற்றிலிருந்து இழுத்த வாயுதான். ஆனால் உழவுக்கு டீசல், யூரியா செய்ய எரிவாயு, ஆலைக்கு எரிபொருள் என்று செலவு இருக்கிறதே!

வாசலில் காற்று

ஒடிசா நிலக்கரி கப்பலேறி தூத்துக்குடிக்கு வருகிறது. ஆனால் இடைசெவலுக்குப் பக்கத்தில் கயத்தாறில் காற்றாலைகள் சுற்றுகின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்றுக்கு கப்பல் கூலி கிடையாது!

காற்று பலமாக அடிக்கும் நாளில், மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வழியில்லை என்று காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் உண்டு. அந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றுபவருக்கு கட்டணத்தைக் குறைத்தால் என்ன?

வண்டி விற்கும்போது மைலேஜ் சொல்கிறார்கள். பிறந்தது முதல் காயலான் கடை வரை எவ்வளவு புகை என்பதையும் எழுதி ஒட்டச் சட்டம் வேண்டும். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

வண்டியை மாற்றினால் மட்டும் போதாது. கரண்டையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இடைசெவல் புகை தூத்துக்குடிக்கு இடம் மாறியதுதான் மிச்சம்!