வீட்டுக்கு வீடு டிஷ் வேண்டாம். கட்டடத்துக்குப் பொது டிஷ் வேண்டும்!

தொலைக்காட்சியில் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் பணம் மட்டும் போதாது. வீடு இருக்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் மனமும் சரியாக இருக்க வேண்டும்.

தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்கள் அரை நூற்றாண்டாகக் கற்று வரும் பாடம் இது. கூரை மேல் ஏரியல் நின்ற நாளிலும் இதுதான் நிலை. மொட்டை மாடியில் டிஷ் நிற்கும் இந்நாளிலும் இதுதான் நிலை.

தாராவியில் குடிசைகள் போய் அடுக்கு மாடிகள் எழப் போகும் வேளை இது. சுவர் எழும்பிய பிறகு புலம்பிப் பயன் இல்லை. இப்போதே பேச வேண்டிய ஒன்றை இப்போதே பேசுவது நல்லது.

வர்லியைப் பார்த்த கூரைகள்

பம்பாய்க்குத் தொலைக்காட்சி வந்தது 1972-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந்தேதி. சென்னைக்கு வந்தது 1975-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ந்தேதி. சென்னைவாசிகளுக்குக் கிடைப்பதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முன்னரே பம்பாய்த் தமிழருக்குத் தொலைக்காட்சி கிடைத்துவிட்டது.

ஒளிபரப்பு நிலையம் வர்லியில். தாராவியிலிருந்து பார்த்தாலும், மாதுங்காவிலிருந்து பார்த்தாலும், செம்பூரிலிருந்து பார்த்தாலும் வர்லி தென்மேற்குத் திசையில்தான் இருக்கிறது. ஆகவே அந்நாளில் எல்லா ஏரியல்களும் தென்மேற்கே திரும்பி நின்றன.

அந்த ஏரியல் சிறிய பொருள் அல்ல. குறுக்குக் கம்பி ஒவ்வொன்றும் சுமார் எட்டடி நீளம். தாராவியில் பல வீடுகளின் அகலமே பத்தடிதான். தன் கூரையில் நட்ட கம்பத்தின் கம்பி அடுத்த வீட்டுக் கூரையில் நிழல் விழுத்தும். காற்றடித்தால் கம்பமே அடுத்த வீட்டில் விழும். சண்டைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

சங்கராந்தி வந்தால் பட்டத்து நூல் சிக்கும். ஆண்டு முழுவதும் காக்கை உட்கார்ந்து கம்பியை வளைக்கும். ஜூன் மாத மழையும் கடற்காற்றும் மூட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கும். உடனே வீட்டுப் பையன் கூரையேறுவான்.

“எம்மா, இப்பம் தெரியுதா?”

“லேசாத் தெரியுது. இன்னும் கொஞ்சம் திருப்புலே! ஐயோ, போயிட்டு, போயிட்டு!”

இந்தக் குரல் கேட்காத சந்து தாராவியில் இருந்ததில்லை.

அருகில் இருந்தும் தெளிவில்லை

வர்லிக்கும் தாராவிக்கும் இடையே நேர்க்கோட்டில் ஐந்து கிலோ மீட்டர் கூட இராது. செம்பூர் கூட பத்துக் கிலோ மீட்டருக்குள்தான். கோபுரமோ ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். அப்படியானால் படம் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தெரியவில்லை. ஒரு முகத்துக்குப் பக்கத்திலேயே அதன் நிழல் போல இன்னொரு முகம் தெரிந்தது. எழுத்துக்கள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன.

காரணம் இதுதான். கோபுரத்திலிருந்து அலை நேராகவும் வரும். உயரமான கட்டடத்திலோ குன்றிலோ மோதித் திரும்பியும் வரும். திரும்பி வருவது சற்றுச் சுற்றி வருவதால் ஒரு கணம் பிந்தி வரும். அந்தக் கணந்தான் திரையில் இரண்டாவது முகம்.

அதாவது, இங்கே அலை குறைவு என்பது நோய் அல்ல. வேண்டாத அலையும் சேர்ந்து வந்ததே நோய்.

நோய் தெரியாமல் மருந்து வாங்கியவர்கள் ஏராளம். “பூஸ்டர் போட்டால் சரியாகும்” என்று கடைக்காரர் சொன்னார், வாங்கினார்கள். பூஸ்டர் நல்ல அலையையும் பெருக்கும், திரும்பி வந்த அலையையும் பெருக்கும். இரண்டு முகம் இரண்டாகவே இருந்தது.

உண்மையில் வேண்டியிருந்தது வேறு. ஏரியலைச் சிறிது திருப்பிப் பார்த்திருக்கலாம். இரண்டடி தள்ளி நட்டிருக்கலாம். சில வேளைகளில் உயரத்தைக் குறைத்திருக்கலாம். இதற்கெல்லாம் காசு வேண்டாம். ஆனால் நல்ல இடம் அடுத்த வீட்டுக் கூரையாக இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். அதுதான் கிடைப்பது அரிதாக இருந்தது!

ஊரில் கற்றது இங்கே உதவவில்லை

பலருக்கு ஊர் அனுபவம் குறுக்கே நின்றது. இலங்கையில் ரூபவாகினி 1982-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ந்தேதி தொடங்கியது. சென்னை ஒளிபரப்பு எட்டாத தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில், வசதி உள்ளவர்கள் நெடுங்கம்பம் நட்டுக் கடல் தாண்டி வந்த படத்தைப் பிடித்தார்கள். கம்பம் உயர உயரப் படம் தெளிந்தது.

அங்கே உயரம் மருந்து. ஏனெனில் அங்கே தூரம்தான் நோய். விடுமுறைக்குப் போய் அதைப் பார்த்து வந்தவர்கள் இங்கும் உயரக் கம்பம் நட்டார்கள். பயன் கிட்டவில்லை. ஊருக்கு ஊர் நோய் வேறு; மருந்தும் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த படத்தில் தமிழ் இல்லை. பெரும்பாலும் மராத்தியும் இந்தியும்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மாநில மொழிப் படங்களை வரிசை முறையில் காட்டிய காலத்தில், தமிழுக்கு முறை வருகிற வாரம் பெட்டி உள்ள வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி சன் தொலைக்காட்சி தொடங்கி, கேபிள் வழியே இங்கு வந்த பின்னர்தான் வீட்டுக்குள் தமிழ் தினமும் ஒலித்தது.

திசை மாறியது

தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்புகள், சில இடங்கள் நீங்கலாக, 2022-ம் ஆண்டுக்குள் நாடெங்கும் நிறுத்தப்பட்டுவிட்டன. வர்லியைப் பார்த்த கம்பங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

இப்போது வட்டத் தட்டுகள் வந்துள்ளன. அவை பார்ப்பது வர்லியை அல்ல. வானில் உள்ள செயற்கைக்கோளை. மும்பையிலிருந்து பார்த்தால் அவை தெற்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட வானில் உள்ளன. ஊர் இருக்கும் பக்கமும் ஏறக்குறைய அதுவே!

மாதச் சந்தா கட்ட இயலாதவருக்கு தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004-ம் ஆண்டு டிசம்பர் முதல் இருக்கிறது. டிஷ்ஷும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். அதில் டிடி தமிழும் வருகிறது. அன்றாடக் கூலி பெறும் குடும்பத்துக்கு இது சிறிய உதவி அல்ல.

ஆனால் அந்த வானம் எல்லார் வீட்டிலிருந்தும் தெரிகிறதா? அதுதான் கேள்வி.

ஒரு சிறு கணக்கு

இலவச டிஷ்ஷுக்குரிய செயற்கைக்கோள் மும்பை வானில் தென்கிழக்கே, சுமார் 57 பாகை உயரத்தில் இருக்கிறது. இதை எளிதாகச் சொல்வதானால், எதிரே உள்ள சுவர் பத்தடி தள்ளி இருந்தால், அந்தச் சுவர் டிஷ்ஷுக்கு மேலே பதினைந்தடிக்கு அதிகமாக உயரக் கூடாது. உயர்ந்தால் செயற்கைக்கோள் மறைந்துவிடும்.

இனி ஒரே உயரத்தில் இரண்டு கட்டடங்கள், தென்கிழக்கே பத்தடி இடைவெளியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். சன்னல் ஓரத்தில் டிஷ் வைத்தால் உச்சி மாடிக்குப் படம் தெரியும். மிஞ்சினால் அதற்கு அடுத்த மாடிக்குத் தெரியும். கீழே உள்ள அத்தனை வீடுகளுக்கும் தெரியாது. வடமேற்கே சன்னல் உள்ள வீடுகளுக்கு எந்த மாடியிலும் தெரியாது.

அப்போது என்ன செய்வது? மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியே டிஷ் வைத்தால் மாடி முழுவதும் தட்டுகள். சுவர் முழுவதும் தொங்கும் வயர்கள். வயர் நீள நீளப் படத்தின் வலு குறையும். மழைக் காலத்தில் சொல்ல வேண்டியதே இல்லை. கடைசியில் சொசைட்டிக்காரர்கள் மாடிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அவர்களையும் குறை கூற முடியாது.

பொது டிஷ் என்றால் என்ன?

இதற்கு வழி இருக்கிறது. மாடியில் சொசைட்டியின் பொறுப்பில் சற்றுப் பெரிய டிஷ். அதிலிருந்து வரும் அலையைப் பெருக்கிப் பிரித்து, சுவருக்குள் பதித்த குழாய் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வயர். வீட்டுக்காரர் தம் பெட்டியை அதில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். செயற்கைக்கோள் வேறு வேறு ஆனால் இரண்டு, மூன்று டிஷ் வைக்கலாம். நூறு டிஷ் தேவையில்லை.

பெரிய டிஷ் ஆதலால் மழையையும் ஓரளவு தாங்கும். பழுதானால் ஓர் ஆள் ஓர் இடத்தில் பார்த்தால் போதும். பையன்கள் கைப்பிடிச் சுவர் மேல் ஏற வேண்டியதில்லை.

கடைசியாகச் சொன்னதே முதலில் சொல்ல வேண்டியது. இரும்புக் கம்பம் மின்கம்பியில் பட்டால் கம்பத்தைப் பிடித்தவர் பிழைப்பது அரிது. முன்பு 1,500 வோல்ட் ஓடிய புறநகர் ரெயில் பாதைகளில் இன்று 25,000 வோல்ட் ஓடுகிறது. பாதையோரக் குடியிருப்புகளில் கம்பத்தோடும் வயரோடும் விளையாடுவது எமனோடு விளையாடுவதாகும்.

இப்போதே கேட்க வேண்டும்

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022-ம் ஆண்டு நவம்பரில் அதானி குழுமம் வென்றது. தகுதி உள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதிக்கு முன் குடியிருந்ததற்குச் சான்று உள்ளதா, யாருக்கு இங்கே வீடு, யாருக்கு வெளியே வீடு என்று மக்கள் தவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“வீடே கேள்வியாக இருக்கும்போது டிஷ் ஒரு கேள்வியா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டுக்கான போராட்டம் பெரிது; அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் வீடு கிடைத்த பின் அதில் வாழ வேண்டும் அல்லவா? தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தில்தான் முடிவாகிறது. டிஷ் வயர் போகும் குழாயும் அங்கேதான் முடிவாக வேண்டும். கட்டும்போது அதற்கு ஆகும் செலவு சிறிது. கட்டி முடித்த சுவரை உடைத்துப் பதிப்பதற்கு ஆகும் செலவு பெரிது.

“எல்லாரும் செல்போனில் பார்க்கிறார்களே” என்று வேறு சிலர் கூறலாம். இளைஞர்கள் பார்க்கிறார்கள். இந்தியும் மராத்தியும் சரியாக வராத, கண் பார்வை மங்கிய, பகல் முழுவதும் நாலு சுவருக்குள் இருக்கும் முதியவர்கள் என்ன செய்வார்கள்? சந்து வாசலில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசிக் கொண்டிருந்தவர்களை ஏழாவது மாடியில் ஏற்றி வைக்கப் போகிறோம். அவர்களோடு தமிழ் பேச அந்தப் பெட்டியாவது இருக்கட்டும்!

செம்பூரிலும் மாதுங்காவிலும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும் சொசைட்டிகளுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மொட்டை மாடியில் தென்கிழக்கே மறைவில்லாத இடம் பொது டிஷ்ஷுக்கு ஒதுக்கப்பட்டுள்ளதா? ஒவ்வொரு வீட்டுக்கும் வயர்க் குழாய் உண்டா? பராமரிப்பு யார் பொறுப்பு? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும், வாய்ச்சொல் போதாது.

அன்று அடுத்த வீட்டுக் கூரையில் ஒரு கம்பம் நடச் சம்மதம் கிடைக்காமல் பூஸ்டருக்குப் பணத்தைக் கொட்டினோம். ஒவ்வொருவரும் தனித்தனியே செலவழித்தோம். ஒருவருக்கும் படம் தெளியவில்லை. அந்தத் தவறு மாடி வீட்டிலும் தொடரக் கூடாது.

சங்கங்களும் மன்றங்களும் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசட்டும். வீட்டு வரைபடம் முடிவாகும் முன் குரல் எழட்டும்.