சர்க்கரையைக் குறைக்கணுமா? முதல்ல டிகாஷனைச் சரி பண்ணுங்க

"நான் சர்க்கரையே சேர்க்கறதில்ல டாக்டர். காபில மட்டும்தான்."

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்காரும் எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்லுவார். ஸ்வீட் தொடறதில்ல, சோறு குறைச்சாச்சு, மாத்திரையும் தவறாம போடறாங்க. ஆனாலும் சுகர் இறங்க மாட்டேங்குது. ஒரு நாளைக்கு எத்தனை காபின்னு கேட்டா, "அது என்ன, ஒரு நாலு இருக்கும்." எவ்வளவு சர்க்கரை? "ரெண்டு ஸ்பூன்... கொஞ்சமாத்தான் போடுவேன்."

கணக்குப் போடுவோம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை தலைதட்டிப் போட்டாலே 4 முதல் 5 கிராம். நம்ம வீட்டில் தலைதட்டிப் போடறவங்க யாரு? சரி, 5 கிராம்னே வச்சுக்கலாம். நாலு காபிக்கு 8 ஸ்பூன், 40 கிராம். உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அதுவும் சர்க்கரை வியாதி இல்லாதவங்களுக்கும் சேர்த்துச் சொன்ன அளவு. "காபில மட்டும்தான்" என்பதிலேயே அதைத் தாண்டியாச்சு.

இதுக்குப் பெரும்பாலும் நாங்க சொல்ற வைத்தியம் ஒரே வரி: "காபியை நிறுத்திடுங்க." அவங்களும் தலையாட்டிட்டு, வெளியே போய் ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஒரு காபி சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. முப்பது நாற்பது வருஷப் பழக்கத்தை மூணு நிமிஷ ஓ.பி.யில் நிறுத்த முடியாது. அளவோடு குடிச்சா பெரும்பாலானவங்க நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. காபி வில்லன் இல்ல, அதில் போடற சர்க்கரைதான் வில்லன்.

சரி, ஏன் ரெண்டு ஸ்பூன் போடறோம்? இங்கதான் என் கருத்து. நம்மில் பலர் காபியில் சர்க்கரை போடறது இனிப்புக்காக இல்ல, கசப்பை மறைக்கத்தான். டிகாஷன் மோசமா இருந்தா அரை சர்க்கரையில் அதைக் குடிக்கவே முடியாது. டிகாஷன் நல்லா இருந்தா அரை ஸ்பூன் போதும், சில நாளில் அதுவும் வேண்டாம்னு தோணும். அதனால டயட் சார்ட்டுக்கு முன்னாடி உங்க வீட்டு ஃபில்டரைப் பார்ப்போம்.

முதல் சிக்கல் பொடி. அரை கிலோ வாங்கி, பாக்கெட்டைக் கிளிப் போட்டு மூடி, ரெண்டு மாசம் ஓட்டுவோம். வறுத்து அரைச்ச காபிப்பொடியில் மணம் முதல்ல போயிடும், கசப்பு மட்டும் பத்திரமா இருக்கும். காபிக்கொட்டையைக் கண்ணெதிரே அரைச்சுத் தர்ற கடை நம்ம ஊர்கள்ல இன்னும் நிறைய இருக்கு. அங்க 100 கிராம், மிஞ்சினா 200 கிராம் வாங்குங்க. காத்துப் போகாத எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைங்க. ஃப்ரிட்ஜில் வச்சு தினமும் வெளியே எடுத்துத் திறந்தா ஈரம் ஏறும்.

அடுத்தது சிக்கரி. இது ஒரு செடியோட வேரை வறுத்து அரைச்ச பொடி. காபிக்கும் அதுக்கும் உறவே கிடையாது, கஃபீன் துளிகூட இல்லை. நிறம் கொடுக்கும், டிகாஷனைக் கெட்டியாக்கும், கூடவே தன்னோட கசப்பையும் கொண்டு வரும். விலை குறைவு. காபி–சிக்கரி கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருந்தா போதும்னு நம்ம உணவுப் பாதுகாப்பு விதியே சொல்லுது. அதாவது 49 சதவீதம் வரை சிக்கரி இருந்தாலும் சட்டப்படி சரி. எவ்வளவு கலந்திருக்குன்னு பாக்கெட்டில் போட்டே ஆகணும். இன்னைக்கே உங்க வீட்டு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, பொடி எழுத்தில் இருக்கும். "எங்களுக்கு ஸ்ட்ராங்கா வேணும்"னு கேட்டு வாங்கறவங்க பலபேர் குடிக்கிறது சிக்கரியோட கருப்பைத்தான்.

சிக்கரியே கூடாதுன்னு நான் சொல்லல. அந்த ருசியிலேயே வளர்ந்தவங்களுக்கு அது இல்லாம காபி காபியாவே இருக்காது. அரைக்கும்போது 80-க்கு 20-ன்னு கேளுங்க, பழகினா 90-க்கு 10. கொட்டையில் பிளான்டேஷன் ஏ, பீபெரி ரெண்டும் பாதிப்பாதி நல்ல ஆரம்பம். ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு கஃபீன், கசப்பும் கூடுதல். படபடப்பு, தூக்கமின்மை இருக்கிறவங்க ரொபஸ்டா கலக்காம கேட்டு வாங்கறது நல்லது. வறுவல் நடுத்தரமா இருக்கட்டும். கருகக் கருக வறுத்தா எந்தத் தோட்டத்துக் கொட்டையா இருந்தாலும் ஒரே கசப்புதான்.

இப்ப ஃபில்டர். பித்தளையா எவர்சில்வரான்னு ஒரு சண்டை உண்டு, அதுக்கு நான் வரல. ஓட்டை அடைக்காம இருந்தா எதுவும் சரி. அடைச்சிருந்தா பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி, அடித்தட்டை அடுப்புத் தீயில் ஒரு நிமிஷம் காட்டுங்க, நம்ம பாட்டிங்க செஞ்ச மாதிரியே.

மூணு நாலு காபிக்கு 20 கிராம் பொடி, அதாவது குவிச்சு மூணு மேசைக்கரண்டி. மேல் பாத்திரத்தில் போட்டுச் சமப்படுத்தி, குடையால லேசா அழுத்துங்க. சிமென்ட் தளம் போடற மாதிரி அழுத்தினா தண்ணி இறங்காது, அழுத்தவே இல்லன்னா பொடியில் நிக்காம ஓடிடும். தண்ணி 150 மில்லி. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. தளதளன்னு கொதிக்கிறதை அப்படியே ஊத்தாதீங்க. அடுப்பை அணைச்சு அரை நிமிஷம் விட்டா 90–95 டிகிரிக்கு வந்துடும். முதல்ல பொடி நனையற அளவுக்கு மட்டும் ஊத்தி அரை நிமிஷம் காத்திருங்க. புதுப் பொடியா இருந்தா நுரைச்சு மேலே எழும்பும், பழசா இருந்தா சும்மா கிடக்கும். கடைக்காரர் உண்மையைச் சொன்னாரான்னு இதிலேயே தெரிஞ்சுடும். அப்புறம் மீதித் தண்ணியைச் சுத்தி மெதுவா ஊத்தி மூடி வைங்க.

15, 20 நிமிஷம் ஆகும். அவசரப்பட்டு தட்டவோ, மேல இன்னும் அழுத்தவோ வேண்டாம். பொடி தன் எடையைப் போல ரெண்டு மடங்கு தண்ணியை உறிஞ்சி வச்சுக்கும், அதனால கீழே 110 மில்லிதான் வரும். அது கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கும். ஒரு டம்ளருக்கு 30 மில்லி போதும்.

இந்த டிகாஷனை மறுபடி அடுப்பில் வச்சுக் கொதிக்க விட்டீங்கன்னா இவ்வளவு பாடும் வீண். டிகாஷன் ஆறியிருக்கலாம், பால்தான் சூடா இருக்கணும். பாலை அப்பத்தான் காய்ச்சி, முதல் பொங்கலில் இறக்கி ஊத்துங்க. பாலுக்குன்னே ஒரு இனிப்பு இருக்கு. நாம ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கொட்டி அதை நாக்குக்குத் தெரியாம பண்ணி வச்சிருக்கோம்.

அப்புறம் டபராவில் ஆத்திக் குடிங்க. இது வெறும் ஸ்டைல் இல்ல. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க பானங்கள் குடிக்கறது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும்னு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. குத்தம் சூட்டுக்கு, காபிக்கு இல்ல. நாக்கு சுடற சூட்டில் ருசியும் தெரியாது. ரெண்டு ஆத்து ஆத்தினா ரெண்டும் சரியாகும்.

சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாதீங்க, மூணாம் நாள் பழைய டப்பாவைத் தேடிப் போயிடுவீங்க. ரெண்டு ஸ்பூன் போடறவங்க ஒன்றரைக்கு வாங்க, பத்து நாள் அப்படியே இருங்க. அப்புறம் ஒண்ணு, அப்புறம் அரை. நாக்கு பழகும். இடையில் கல்யாண வீட்டு காபியைக் குடிச்சா பாயசம் மாதிரி இனிக்கும், அதுதான் அடையாளம். "நான் நாட்டுச்சர்க்கரைக்கு மாறிட்டேன் டாக்டர், கருப்பட்டிதான் போடறேன்"னு சொல்றவங்களுக்கு: ருசிக்காகன்னா தாராளமா போடுங்க, ஆனா ரத்தத்தில் அதுவும் சர்க்கரைதான். மூணையும் ஒரே ஸ்பூனால அளங்க.

இப்ப கொஞ்சம் கோபமா ஒரு விஷயம். ரெண்டாம் டிகாஷன்.

ருசியும் மணமும் முதல் தண்ணியிலேயே இறங்கிடும். அதே பொடியில் மறுபடி ஊத்தினா வர்றது மிச்சமிருக்கிற கசப்பும் துவர்ப்பும்தான். கழனித்தண்ணி மாதிரி இருக்கும் அது யாருக்குப் போகுது? வீட்டு ஆம்பளைங்களுக்கும் விருந்தாளிக்கும் முதல் டிகாஷன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து அந்த ஃபில்டரைப் போட்ட அம்மாவுக்கு ரெண்டாம் டிகாஷன். வேலைக்கு வர்ற அக்காவுக்கும் அதே. குடிக்க முடியாததால அதில் மூணு ஸ்பூன் சர்க்கரை. டிபனுக்கு நேரமில்ல, அந்தக் காபிதான் டிபன். பதினோரு மணிக்கு இன்னொண்ணு. பசி அடங்கின மாதிரி இருக்கும், உடம்புக்கு ஒண்ணும் போயிருக்காது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம்ம நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதுக்குக் காரணம் பல. ஆனா சாப்பாட்டோடவோ, சாப்பிட்ட உடனேயோ குடிக்கிற காபி, டீ ரெண்டும் கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும் என்பது நிச்சயம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம்னு ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் சொல்லுது. இதில் கொடுமை என்னன்னா, நாங்க கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையையே காபியோட சேர்த்து முழுங்கறவங்க இருக்காங்க. மாத்திரையைத் தண்ணியில் போடுங்க, கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சை ஜூஸோ இருந்தா இன்னும் நல்லது.

அதனால என் வேண்டுகோள் இது: பொடி கொஞ்சம் கூடுதலாப் போட்டு எல்லாருக்கும் முதல் டிகாஷனே போடுங்க. மிச்சப் பொடி செடிக்குப் போகட்டும். செலவு கூடும்தான். நாலு பேருக்கு மூணு வேளை காபி போடற வீடு, எல்லாருக்கும் ரெண்டு வேளைன்னு மாத்தினா கணக்கு சரியாயிடும்.

மெஷின் வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: ஆசையா இருந்தா வாங்குங்க, அவசியமில்ல. ஒரு விஷயம் மட்டும். காபியில் இருக்கிற ஒரு எண்ணெய்ப்பொருள் கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும். வடிகட்டாம கொதிக்க வச்சுக் குடிக்கிற காபியில் அது அதிகம். நார்வேயின் டிராம்ஸோ நகரத்து ஆய்வு 1983-லேயே காபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுச்சு. காகித ஃபில்டர் அந்த எண்ணெயைப் பெரும்பாலும் பிடிச்சுக்கும், உலோக ஓட்டை அந்த அளவுக்குப் பிடிக்காது. கெட்ட கொலஸ்ட்ரால் கட்டுக்குள் வராதவங்க, பொடியைப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடறதையும், பிரெஞ்சு பிரஸ்ஸையும் தவிர்த்து, காகித ஃபில்டருக்கு மாறிப் பார்க்கலாம். மாத்திரையை நிறுத்திட்டு இல்ல. இன்ஸ்டன்ட் பொடி அவசரத்துக்குப் பரவாயில்ல, அதிலும் சிக்கரி அளவைப் பாருங்க. பாலும் சர்க்கரையும் சேர்த்தே வர்ற பாக்கெட் பக்கம் சுகர்காரங்க போகவே வேண்டாம்.

அளவு? கஃபீன் நாளைக்கு 300 மில்லிகிராமுக்குள் இருக்கணும்னு அதே ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் சொல்லுது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 வரை இருக்குன்னும் அதிலேயே இருக்கு. அப்படின்னா ரெண்டு, மிஞ்சினா மூணு. கர்ப்பிணிகள் 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம், ஒண்ணு அல்லது ஒன்றரை டம்ளரோட நிறுத்திக்குங்க. குடிச்ச கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி போட்டுட்டு, ராத்திரி "தூக்கம் வரல, மாத்திரை எழுதுங்க"ன்னு வராதீங்க.

தைராய்டு மாத்திரை போடறவங்க, காலையில அதை வெறும் வயித்தில் தண்ணியோட போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. அந்த நேரத்தில் ஃபில்டரைப் போட்டு வைங்க, டிகாஷன் நிதானமா இறங்கியிருக்கும்.