குதிரைக்கும் நம்பிக்கை வேண்டும்

கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் வல்வில் ஓரியின் வில்தான் நினைவுக்கு வருகிறது. அவன் குதிரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை! அதன் பெயரும் ஓரி என்றே சங்க இலக்கியம் கூறுகிறது. அவனோடு போரிட்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். தன் பெயரையே குதிரைக்கு இட்டவன் அதை வெறும் வாகனமாக எண்ணியிருப்பானா?

எங்கள் அரியூர் நாடு முதலிய 14 நாடுகளைக் கொண்ட இம்மலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். காட்டுப்பாதையில் நடந்து மலையேற விரும்புவோரும் அவர்களுள் உண்டு. கொடைக்கானலில் இருப்பது போல் இங்கும் நாளை யாரேனும் சவாரிக் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தலாம். வரட்டும், வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இக்குதிரையை எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

'அடியாத மாடு படியாது' என்பார்கள் பெரியோர். மாட்டைப் பற்றி நாங்கள் வாதாட வரவில்லை. குதிரை விஷயத்தில் இப்பழமொழி செல்லாது. குதிரை இயல்பிலேயே ஓடித் தப்பிக்கும் பிராணி; அச்சம் வந்தால் அதற்குத் தெரிந்த ஒரே வழி ஓட்டம். சமவெளியில் ஓடினால் சவாரி செய்பவர் மண்ணில் விழுவார். ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமும் உள்ள ஒற்றையடிப் பாதையில் ஓடினால் என்ன ஆகும்? அடிக்கு அஞ்சிப் பணியும் குதிரைக்கு முன்னால் பாம்பும் அச்சம், பின்னால் எசமானனும் அச்சம். அது யாரை நம்பி நிற்கும்?

ஆகவே பழக்கம் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் நேர் பின்னால் நிற்பவர் அதற்குத் தெரியமாட்டார். எனவே பின்புறமாகச் செல்லாமல், குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக அணுக வேண்டும். முதல் சில நாட்கள் புல் கொடுப்பதும் கழுத்தைத் தடவுவதுமே போதும். பிறகு கயிறு. கயிற்றை மெல்ல இழுத்து, அது ஓரடி வைத்த அந்தக் கணமே தளர்த்திவிட வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. அதிலிருந்தே அது கற்கிறது. அடுத்து முதுகில் ஒரு கம்பளி, பின்பு வெறும் சேணம், பின்பு சிறு மூட்டை, கடைசியாகத்தான் மனிதர். ஓடை, மரப்பாலம், விரித்த குடை, லாரியின் ஆரன் ஆகிய ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து காட்டி, அதன் காதுகள் அமைதியான பிறகே அருகில் கொண்டுபோக வேண்டும். காதுகளைப் பின்னால் ஒட்ட மடக்கினால் கோபம் என்று பொருள். (எங்களில் சிலருக்கும் முகத்திலேயே தெரிந்துவிடும்!)

ஏறுபவருக்கும் பயிற்சி வேண்டும். இறக்கத்தில் பயந்துபோய்க் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்போர் உண்டு. குதிரை தலையைத் தாழ்த்தித்தான் உடலைச் சமன் செய்கிறது. தலையைக் கட்டிவிட்டால் கால் தடுமாறும். நம்மைச் சுமப்பதை நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

இம்மலையிலேயே இதற்குச் சான்று உண்டு. எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1929இல் கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பின்னும் முதுமையில் இங்கேயே வந்து தொண்டு செய்தார். இடுப்பெலும்பு முறிந்து, இரு கோல்களை ஊன்றி நடந்த காலத்திலும் மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகச் சென்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் சவாரியை விடவில்லை. 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார். அடிபட்டு மிரண்ட குதிரை ஒன்று அத்தகைய பாட்டியைச் சுமந்திருக்க முடியுமா?

மறைக்கல்வி வகுப்பில் படித்த பிலயாமின் கழுதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. குறுகிய பாதையில் வானதூதர் வாளோடு நிற்பதைக் கழுதை கண்டது. எசமானனோ காணாமல் மூன்று முறை அடித்தான். வழியில் விலங்கு திடீரென நின்றால், அடிக்குமுன் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

ஒட்டகத்துக்கு நம் மலையில் வேலையில்லை. ஆயினும் இராஜஸ்தானத்தில் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா மக்களும் குரலாலும் பொறுமையாலும் அதைப் பழக்குகின்றனராம். உட்கார்ந்த ஒட்டகம் எழ மறுத்து முனகினால் சுமையைப் பார்க்க வேண்டும், சாட்டையைத் தேடக் கூடாது.

இவ்வேலை பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்போரும் உண்டு. முந்நூறு கிலோ எடையுள்ள குதிரையைத் தோள்வலியால் அடக்க எந்த ஆண்மகனாலும் இயலாது. பொறுமையால் இயலும் என்றால் எங்களுக்கும் இயலும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். வாங்குவோர் பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், நடையைப் பார்ப்பர். மலைக்கென்று வாங்குபவர் இன்னொன்றையும் பார்க்கட்டும்: விற்பவர் கையைத் தூக்கும்போது குதிரை தலையை வெடுக்கென்று ஒதுக்குகிறதா என்று.