ஒளிப்படக் கலைஞரின் முதல் முதலீடு

நுழையும் முன்

கைப்பேசியே ஒளிப்படக் கருவியாகிவிட்ட காலம் இது. எல்லாரும் படம் எடுக்கும்போது, படம் எடுப்பதையே தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞருக்கு இடம் உண்டா? உண்டு எனில், அவர் முதலில் ஈட்ட வேண்டியது எது?

ஒளிப்படக் கலையில் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் பலரும் முதலில் எழுப்பும் வினா, "எந்தக் கருவியை வாங்கலாம்?" என்பதாகும். அவ்வினா தவறன்று, ஆயினும் அது முதல் வினாவன்று. கருவி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். தொழிலை இறுதிவரை தாங்கி நிற்பது, மக்கள் அக்கலைஞர்மீது வைக்கும் நம்பிக்கையே.

திருவனந்தபுரத்தில் இதற்குச் சான்று உண்டு. தலைமைச் செயலகத்தை அடுத்த ஸ்டாச்சு பகுதியில் 1959ஆம் ஆண்டு ஒளிப்பட நிலையம் ஒன்றைத் தொடங்கியவர் சிவன். செய்தி ஒளிப்படம் எடுத்த அவரே, 1965இல் வெளிவந்த 'செம்மீன்' திரைப்படத்திற்கு நிலைப்படங்களும் எடுத்தார். பின்னர் இயக்குநராகி, 'அபயம்' என்னும் படத்திற்காகச் சிறந்த சிறுவர் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றார். 'தளபதி', 'ரோஜா' ஆகிய படங்களின் ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் அவருடைய மகனாவார். நிலையம், செய்தி, திரைப்படம் என ஒரு திறனே பல துறைகளில் கிளைவிட்டதை அவர் வாழ்வு காட்டுகிறது. எனவே, தொடக்கத்தில் வரும் சிறிய பணியை இழிவெனக் கருதுதல் கூடாது.

நம்பிக்கை நடத்தையால் வளர்வது. மாசி மாதத்தில் நடைபெறும் ஆற்றுக்கால் பொங்கலின்போது நகரத் தெருக்களெங்கும் பெண்கள் செங்கல் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவர். புகையும் கதிரொளியும் கலந்த அக்காட்சி எந்தக் கலைஞரையும் ஈர்க்கும். ஆனால், புகையில் கண்கலங்கி நிற்கும் பெண்ணின் முகத்தை அவர் விரும்பாதபோது அருகில் சென்று படமெடுத்தல் முறையன்று. பத்மநாபசுவாமி கோயிலினுள் படமெடுக்க இசைவு இல்லை. எடுக்கக் கூடாத இடத்தில் கருவியை உறையிலிடத் தெரிந்தவரையே பிறர் தம் இல்ல விழாவிற்கு அழைப்பர்.

"நேர்மை வயிற்றை நிரப்புமா?" எனச் சிலர் வினவுவர். திருமணம் ஒருமுறை நிகழ்வது. அதன் படங்கள் அழிந்துவிட்டால் மீண்டும் எடுக்க இயலாது. அன்றிரவே இரு படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வைப்பவரும், சொன்ன நாளில் படத்தொகுப்பைத் தருபவரும் அடுத்த வாய்ப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்திற்கு அவரைப் பரிந்துரைக்கும்.

நம்பிக்கை என்பது வாய்ச்சொல்லோடு நின்றுவிடுவதன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்தவரையே சேரும். இதனை அறியாத இளைஞர், தாம் எடுத்த படத்தின் உரிமையைத் தாமே இழக்க நேரிடும். ஆகவே, கட்டணம், படங்களை ஒப்படைக்கும் நாள், படங்களை யார் எங்கெங்குப் பயன்படுத்தலாம் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதப்பட்ட உடன்பாடு ஐயத்தின் அடையாளமன்று. இரு சாராரையும் காக்கும் வேலி.

"இலவசமாக எடுத்துக் கொடுங்கள்; பெயர் கிடைக்கும்" என்னும் அழைப்பும் இளைஞரைத் தேடி வரும். பயிற்சிக்காக ஒன்றிரண்டு பணிகளை ஏற்கலாம். அதனையே வழக்கமாக்கினால், தம் உழைப்பின் மதிப்பைத் தாமே குறைப்பதோடு, அத்தொழிலையே நம்பி வாழும் பிறரின் வருவாயையும் கெடுத்தவராவர்.

நல்ல கருவியைக் கடன் பெற்றும் வாங்கலாம். நம்பிக்கையை அவ்வாறு வாங்க இயலாது. தொழிலின் முதல் சில ஆண்டுகளை அதனை ஈட்டுவதற்கே செலவிடும் இளைஞருக்கு, எத்தனை கைப்பேசிகள் பெருகினும் இடம் இருக்கும்.

சிந்திக்க

1. எழுதப்பட்ட உடன்பாட்டைக் கட்டுரை 'வேலி' எனக் கூறுவது ஏன்?
2. இலவசப் பணி குறித்த கட்டுரையின் கருத்தை ஏற்கிறீர்களா? காரணத்துடன் எழுதுக.